ஸ்டேஷன் மாஸ்டரின் மருமகள்

அத்தியாயம் 14

போன திங்கட்கிழமை கிருபானந்தன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். “குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க வேணும்.” சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். குமுதாதான் ஐந்து நாளாகத் தூங்கவில்லை.

பெண்ணைப் பெற்றவர் விசாரிப்பது நியாயம்தான். குமுதாவின் மகன் யுகேந்திரனும் கிருபானந்தனின் மகள் ஷாமினியும் நான்கு வருடமாக விரும்புகிறார்கள். பிள்ளைகளுக்குள் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் எல்லாம் பூர்வீகத்தில். அவர்கள் யாழ்ப்பாணத்து வழி. மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம், பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்த வீடு. இவர்கள் இந்தியாவிலிருந்து உடல் உழைப்புக்கு வந்தவர்களின் பிள்ளைகள். கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு வரிசை வீடு. குமுதாவின் கணவர் வேலாயுதம் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார்.

குமுதா லைசென்ஸ் வாங்கிய சுற்றுலா வழிகாட்டி. சனிக்கிழமைதோறும் ‘தமிழில் கிள்ளான்’ என்ற அரைநாள் சுற்றுலாவை நடத்துகிறாள். காலை எட்டு மணிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஆட்களை ஏற்றி, பழைய துறைமுக ஊரைச் சுற்றிக் காட்டி, ஒன்றரை மணிக்குள் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை ஏழு முப்பத்தைந்துக்கு வேன் பக்கத்தில் நின்று பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. யுகேந்திரன்.

“மா, டென்ஷன் ஆகாதீங்க.”

இப்படி ஆரம்பிக்கிற பிள்ளைகளை என்ன செய்வது?

“சொல்லுடா.”

“ஷாமினி இப்பதான் மெசேஜ் பண்ணா. அவங்க வீட்டுப் பெரியவங்க யாரோ ஒருத்தங்க இன்னிக்கு உங்க டூர்ல வராங்களாம். உங்களப் பார்க்கிறதுக்கு.”

“என்னையா? பொண்ணு பார்ப்பாங்க, மாப்பிள்ள பார்ப்பாங்க. மாமியார் பார்க்கிறது எந்த ஊர் வழக்கம்டா?”

“எனக்கென்ன தெரியும் லா. அவங்க அப்பா ரூமுக்குள்ள போன்ல பேசினது அவ காதுல விழுந்திருக்கு. யாருன்னு தெரியல. நீங்க எப்பவும்போல இருங்க, போதும்.”

எப்பவும்போல இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். குமுதா பட்டியலை மறுபடி படித்தாள். எட்டுப் பெயர். பினாங்கிலிருந்து ஒரு குடும்பம், மூன்று பேர். சிரம்பானிலிருந்து மூன்று ஆசிரியைகள். திருமதி மார்க்கிரட். திரு. கே. லிங்கம்.

மார்க்கிரட் என்ற பெயரில் அவள் விரல் நின்றது.

வேலாயுதம் ஈரத் துணியால் வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக ஓட்டும் ரிஷிக்கு நேற்றுத்தான் குழந்தை பிறந்தது. வேறு ஆள் கிடைக்கவில்லை. வேலாயுதத்திடம் பஸ் ஓட்டிய காலத்து லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருந்ததால், தன் விடுமுறையில் மனைவிக்கு உதவ வந்திருந்தார்.

“என்னங்க, இன்னிக்கு நீங்க டிரைவர்.”

“நான் என்னிக்கும் டிரைவர்தானே.”

“அதில்லங்க. இன்னிக்கு வெறும் டிரைவர். என் வீட்டுக்காரர்னு யாருக்கும் தெரிய வேணாம்.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. குமுதா ஒரே மூச்சில் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். “அவங்க வீட்டுல எல்லாரும் ஆபீஸ்ல உட்கார்ந்து வேலை பார்த்தவங்க. முதல் தடவையே உங்கள ஸ்டியரிங் பிடிச்சாப்ல பார்க்க வேணாம். அப்புறம் ஒருநாள் நல்ல சட்டை போட்டு, வீட்டுல வச்சு அறிமுகம் பண்ணிக்கலாம்.”

வேலாயுதம் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அது நல்ல சட்டைதான். காலையில் அவரே தேய்த்துப் போட்டது.

“சரி, மேடம்,” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். குமுதாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மத்தியானம் வரை தாங்கவில்லை.

மார்க்கிரட் எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கழுத்தில் முத்துச் சரம், கையில் குடை. வந்ததும் வேனின் டயரைப் பார்த்தார், பிறகு குமுதாவின் செருப்பைப் பார்த்தார்.

“நீங்கள்தான் கைடோ?”

“ஆமாங்க. குமுதா.”

“ஓம். எவ்வளவு காலமா இந்த வேலை செய்யிறீங்கள்?”

சந்தேகமே இல்லை, இவர்தான் என்று குமுதா முடிவு கட்டினாள். பேச்சு யாழ்ப்பாணம், பார்வை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். அவரைக் கைப்பிடித்து இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதனால், கடைசியாக வந்த கே. லிங்கத்தை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. எழுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர், தலையில் தொப்பி. அவர் வேலாயுதத்திடம்தான் கேட்டார்.

“தம்பி, முன்னுக்கு இருக்கலாமோ? முழங்கால் மடங்காது.”

“தாராளமா உட்காருங்க அங்கிள்.”

வேன் ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏறியது. மைக்கில் வரவேற்பு சொல்லி முடித்ததும் மார்க்கிரட் விசாரணையை ஆரம்பித்தார். பிள்ளைகள் எத்தனை? ஒரே மகன். என்ன படிப்பு? இன்ஜினியரிங். வீடு எங்கே? மேரு. சொந்தமோ, வாடகையோ? சொந்தம்தான்.

“உங்கட அவர் என்ன செய்யிறார்?”

“போர்ட்ல. லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கார்.”

பொய் என்று சொல்ல முடியாது. கன்டெய்னரைத் துறைமுகத்திலிருந்து கிடங்குக்குக் கொண்டுபோவதற்கு வேறு என்ன பெயர்? ஆனால் சொன்னவுடன் அவள் கண் டிரைவருக்கு மேலிருந்த கண்ணாடியைத் தேடிப் போனது. வேலாயுதம் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

முன்சீட்டில் நடந்த பேச்சு அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரி போயிருக்கும்.

“தம்பி எந்த ஊர்?”

“பொறந்தது வளர்ந்தது கிள்ளான்தான் அங்கிள். ஸ்டேஷனுக்குப் பின்னாடி ரயில்வே தொழிலாளிங்களுக்குக் கொடுத்த லைன் வீடு. இப்ப இல்ல, இடிச்சிட்டாங்க.”

“ரயில்வேயோ? அப்பாவோ வேலை செய்தவர்?”

“ஆமா. லைன் பார்க்கிற கேங்ல இருந்தாரு. பக்கிரிசாமின்னு பேரு. தினமும் விடியறதுக்கு முன்னாடி சுத்தியல எடுத்துக்கிட்டு லைன்ல நடப்பாரு. தண்டவாளத்தத் தட்டித் தட்டிப் பார்க்கணும். எங்கயாவது போல்ட் லூஸா இருந்தா முறுக்கணும். போக நாலு மைல், வர நாலு மைல்.”

“ம்.” பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “கால் வலியெண்டு சொல்லுவாரோ?” என்று கேட்டார்.

“சொல்ல மாட்டாரு. எங்கம்மாதான் சுடுதண்ணி வச்சுக் கொடுப்பாங்க.”

கிள்ளானில் முதலில் ஈயக் கிடங்கு. குமுதாவுக்கு மனப்பாடம்தான். போர்ட் கிள்ளான் உருவாவதற்கு முன்னால் கப்பல்கள் ஆற்றுக்குள் இந்த இடம்வரை வந்ததையும், மேட்டுச் சுரங்கங்களிலிருந்து வந்த ஈயம் இங்கே காத்துக் கிடந்ததையும் சொன்னாள். பினாங்குக்காரர் போட்டோ எடுத்தார். மார்க்கிரட் சுவரைத் தட்டிப் பார்த்தார். குமுதாவின் வாய் வேலை செய்ததே தவிர, மனம் பூராவும் அடுத்த இடத்தில் இருந்தது.

அடுத்த இடம் ரயில் நிலையம்.

அங்கேதான் அவளுடைய சுற்றுலாவின் உயிர் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நிலையத்தின் முன்னால் ஆட்களை நிழலில் நிறுத்தி, இந்தப் பாதையைப் போட்டவர்களையும் பராமரித்தவர்களையும் பற்றி மூன்று நிமிடம் பேசுவாள். கடைசியில், “அவர்களில் ஒருவர் என் மாமனார் பக்கிரிசாமி” என்று ஆரம்பித்து, அந்தச் சுத்தியலைப் பற்றிச் சொல்வாள். எட்டு மைல் நடையைப் பற்றிச் சொல்வாள். ஒருமுறை ஒரு அம்மாள் அழுதேவிட்டார்.

வேலாயுதம் இதைக் கேட்டதில்லை. ரிஷி சொல்லித்தான் தெரியும். ‘அண்ணே, அக்கா உங்கப்பாவைப் பத்திப் பேசறப்ப யாரும் போனத் தொட மாட்டாங்க’ என்று ரிஷி பலமுறை சொல்லியிருக்கிறான். சனிக்கிழமைகளில் எப்போதும் துறைமுகத்தில் வேலை. இன்றைக்குத்தான் வாய்ப்பு. ஆட்களை இறக்கிவிட்டு, வேனைப் பூட்டி, மேடம் சொன்ன தூரத்தை மதித்துக் கூட்டத்துக்குப் பின்னால் தூணோரம் வந்து நின்றார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

குமுதா பேச ஆரம்பித்தாள். மரம் வெட்டியவர்கள், கட்டை சுமந்தவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள். எல்லாம் வழக்கப்படி வந்தது. அப்போது மார்க்கிரட் கையை உயர்த்தினார்.

“உங்கட ஆக்களும் இந்த வேலைக்குத்தான் வந்தவையோ?”

கேள்வியில் விஷமம் இல்லை. ஊர்வம்பு கேட்கிற சாதாரணக் கேள்வி. ஆனால் ஐந்து நாள் தூக்கம் இல்லாத குமுதாவுக்கு அது கிருபானந்தனின் குரலாகக் கேட்டது. ‘குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க வேணும்.’

“எங்க மாமனார் இங்கதான் ரயில்வேயில இருந்தார்,” என்றாள். “பக்கிரிசாமி. ஸ்டேஷன் மாஸ்டர்.”

சொல்லியாகிவிட்டது. சொன்ன பிறகு திரும்ப எடுக்க ஒரு நொடி இருந்தது. அவள் எடுக்கவில்லை.

“ஓ, ஸ்டேஷன் மாஸ்டரோ!” என்றார் மார்க்கிரட். ஆசிரியைகள் தலையாட்டினார்கள்.

பின்னாலிருந்து தொப்பிக்காரர் மெதுவாகக் கேட்டார். “எந்த வருஷம் இருந்தவர்?”

“அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டு வாக்குல,” என்றாள் குமுதா. பொய்க்கு இவ்வளவு சரளம் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

பெரியவர் நிலையத்தின் பெயர்ப் பலகையைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு திரும்பித் தூணைப் பார்த்தார்.

அவர் பார்த்த பக்கம் குமுதாவும் பார்த்தாள். வேலாயுதம் நின்றிருந்தார். முகத்தில் கோபமில்லை. தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று வரிசையில் நின்று, கூப்பிடாமலே கவுன்டரை மூடிவிட்டால் ஒரு மனிதன் எப்படி நிற்பானோ அப்படி நின்றார். பிறகு சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்.

குமுதாவுக்கு ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் வெறும் டிரைவரின் கையை ஓடிப்போய்ப் பிடிக்க முடியுமா?

“அடுத்து தெங்கு கிளானா வீதிக்குப் போறோம்,” என்றாள். “தே தாரிக் குடிச்சிட்டுக் கொஞ்சம் கடை பார்க்கலாம். பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் வேன்கிட்ட வந்திடணும்.”

கடைவீதியில் அரைமணி நேரம் அரைநாளாக நீண்டது. மார்க்கிரட்டுக்குப் பூ வாங்கிக் கொடுத்தாள். முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். யுகேந்திரனிடமிருந்து மூன்று மெசேஜ். ‘யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?’ ‘எப்படிப் போகுது?’ ‘மா?’ அவள் எதற்கும் பதில் போடவில்லை. வேலாயுதத்தின் நம்பரை எடுத்தாள், அழைக்கவில்லை. பக்கத்தில் மார்க்கிரட் நிற்கிறாரே.

பன்னிரண்டு மணிக்கு வேன் பூட்டிக் கிடந்தது. டிரைவர் இல்லை.

தலையை எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள். ஏழுதான். தொப்பிக்காரரும் இல்லை.

இப்போது அழைத்தாள். வேலாயுதத்தின் போன் வேனுக்குள்ளேயே, சீட்டின் மேல் அடித்தது. கண்ணாடி வழியாகத் திரையில் தன் போட்டோவைப் பார்த்தாள். ‘குமுதா’ என்று அடித்து, அடித்து, நின்றது.

பன்னிரண்டு பத்து ஆயிற்று. பன்னிரண்டு இருபது ஆயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆசிரியைகள் ஒரே குடைக்குள் ஒடுங்கினார்கள். பினாங்குக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்ன டிரைவர் இவன்!” என்றார் மார்க்கிரட். “பொறுப்பே இல்லை. கம்பெனியில சொல்லி நிப்பாட்டிப்போடுங்கோ.”

குமுதாவுக்குச் சுருக்கென்றது. இருபத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போகாத மனிதர் அவர். அதைச் சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, “மன்னிச்சிருங்க. வீட்டுல போய்ச் சொல்றப்ப இத மட்டும் பெருசா எடுத்துக்காதீங்க,” என்றாள்.

“எந்த வீட்டில?”

“இல்ல... உங்க வீட்டுல. பிரிக்ஃபீல்ட்ஸ்ல.”

“பிரிக்ஃபீல்ட்ஸில எனக்கு ஆர் இருக்கினம்? நான் ஈப்போ. பல் டாக்டரிட்ட வந்தனான். ஒருநாள் சும்மா கிடந்தது, பொழுது போகட்டுமெண்டு ஏறினனான். வீட்டில எனக்கு ஒரு பூனை மட்டும்தான்.”

குமுதா அவரையே பார்த்தாள். முத்துச் சரத்தைப் பார்த்தாள். பிறகு பட்டியலை எடுத்து எட்டாவது பெயரைப் பார்த்தாள். கே. லிங்கம்.

ஷாமினி முன்பு ஒருமுறை சொன்னது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ‘எங்க வீட்டுல பெரியப்பா சொன்னா அப்பா தாண்ட மாட்டார் ஆன்டி. பெரியப்பா ரயில்வேயில பெரிய ஆபீஸரா இருந்தவர்.’ கனகலிங்கம் பெரியப்பா.

“ரெண்டு நிமிஷம், எல்லாரும் அந்தக் கடை நிழல்ல நில்லுங்க,” என்று சொல்லிவிட்டு குமுதா ரயில் நிலையத்தை நோக்கி ஓடினாள். ஐம்பத்துமூன்று வயதில், கழுத்தில் லைசென்ஸ் அட்டை ஆட, கிள்ளான் வீதியில் ஓடினாள்.

நிலையத்தின் கடைசியில், கம்பிவேலி ஓரமாக இருவரும் நின்றிருந்தார்கள். வேலாயுதம் வேலிக்கு அந்தப் பக்கம் எதையோ சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

குமுதா மூச்சு வாங்க நின்றாள்.

“அங்கிளுக்கு எங்க லைன் வீடு இருந்த இடத்தக் காட்டிட்டிருந்தேன், மேடம்,” என்றார் வேலாயுதம். “நேரம் போனது தெரியல. ஸாரி.”

“நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்,” என்றார் பெரியவர். குமுதாவை நேராகப் பார்த்தார். “நான் கனகலிங்கம். ஷாமினியின்ட பெரியப்பா. பாதிப் பேரைக் குடுத்துப் பதிஞ்சனான். அதுவும் நல்ல வேலை இல்லைத்தான். வெட்கமாத்தான் இருக்கு.”

வேலாயுதம் திடுக்கிட்டுத் திரும்பினார். யாரிடமிருந்து தன்னை ஒளித்துவைத்தார்களோ, அந்த மனிதரிடமே காலையிலிருந்து தன் பிறப்பு வளர்ப்பு பூராவும் சொல்லியிருக்கிறார்.

“அங்கிள், நான் அங்க சொன்னது...” என்று ஆரம்பித்தாள் குமுதா.

“நீங்கள் சொன்ன வருஷத்தில இந்த ஸ்டேஷனில மாஸ்டரா இருந்தவர் என்ட அப்பா.”

ஒரு ரயில் வந்து நின்றது, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

“நான் அந்தக் குவார்ட்டர்ஸிலதான் வளந்தனான்,” என்றார் கனகலிங்கம். “இவற்ற அப்பாவை எனக்கு ஞாபகமில்லை. யோசிச்சுப் பாத்தன். ஒரு முகமும் வரேல்லை. இந்த வேலிக்கு அங்கால லைன் வீட்டுப் பக்கம் விளையாடப் போனால் அம்மா அடிப்பா. அதுதான் ஞாபகம் வருது.”

குமுதாவின் கண் நிறைந்தது. கணவரின் பக்கம் திரும்பினாள். “யுகிக்காகத்தாங்க... அவன் கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னுதான்...”

“யுகிக்கு அவன் தாத்தா யாருன்னு தெரியும்,” என்றார் வேலாயுதம். குரலை உயர்த்தவில்லை. “அந்தச் சுத்தியல் கதைய அவனுக்குச் சின்ன வயசுல தினமும் சொன்னது நீதான். நானில்ல.”

கனகலிங்கம் தொப்பியைப் போட்டுக்கொண்டார். “ஆக்கள் வெயிலில நிக்கினம். போவம்.” இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பாமலே சொன்னார். “வீட்டில போனவுடன கேப்பினம். என்ன சொல்லுறதெண்டு எனக்கும் இன்னும் தெரியேல்லை.”

வேன் பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கனகலிங்கம் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். குமுதா மைக்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாச் சுற்றுலாவுக்கும் ஒரு கடைசிப் பத்து நிமிடம் உண்டு. வழிகாட்டி நன்றி சொல்லுவார், டிரைவரை அறிமுகப்படுத்துவார், எல்லோரும் கைதட்டுவார்கள். ‘நம்மளப் பத்திரமா கூட்டிட்டு வந்த டிரைவர் ரிஷிக்கு ஒரு கைதட்டு’ என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். அது தூக்கத்தில்கூட வரும்.

பங்சார் தாண்டி, பிரிக்ஃபீல்ட்ஸ் நெருங்கியபோது மைக்கை எடுத்தாள். மௌனமாக இருந்துவிட்டால் இந்த எட்டுப் பேரில் ஏழு பேருக்கு எதுவும் தெரியப் போவதில்லை. எட்டாவது ஆளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அது சுலபம். ஆனால் பொய்யை மைக்கில்லாமல் எட்டுப் பேர் முன்னால் உரக்கச் சொன்னவள், உண்மையை ஒருவர் காதில் மட்டும் சொன்னால் அது என்ன கணக்கு?

“எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. ஸ்டேஷன்ல நான் ஒரு தப்பான தகவல் சொல்லிட்டேன். கைடு தப்பாச் சொல்லக் கூடாது.”

ஆசிரியைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“என் மாமனார் பக்கிரிசாமி ஸ்டேஷன் மாஸ்டர் இல்ல. அவர் கேங்ல இருந்தவர். தினமும் விடியறதுக்கு முன்னாடி சுத்தியல எடுத்துக்கிட்டு அந்தத் தண்டவாளத்தத் தட்டித் தட்டி நடந்தவர். போக நாலு மைல், வர நாலு மைல், இருபத்தாறு வருஷம். அவர் வேலையில இருந்தவரைக்கும் அந்தத் துண்டுல ஒரு ரயிலும் தடம் புரளல. ஒவ்வொரு சனிக்கிழமையும் இதத்தான் சொல்லுவேன். இன்னிக்கு எனக்கு வெட்கம் வந்திடுச்சு. ஏன் வந்துச்சுன்னு நினைச்சா இப்ப அதைவிட வெட்கமா இருக்கு.”

விடாமல் பேசினாள்.

“நம்மளப் பத்திரமா கூட்டிட்டு வந்த டிரைவர் பேரு வேலாயுதம். பக்கிரிசாமியோட மகன். என் வீட்டுக்காரர். இன்னிக்கு லேட் ஆனது அவரால இல்ல, என்னால. ஒரு கைதட்டு கொடுங்க.”

முதலில் தட்டியது முன்சீட்டுதான். பிறகு ஆசிரியைகள், பினாங்குக்காரர்கள். கடைசியாக மார்க்கிரட், “இதை முதலே சொல்லியிருக்கலாமே, நான் அந்த மனுசனைப் பேசிப்போட்டன்,” என்று முனகிக்கொண்டே தட்டினார்.

குமுதா டிரைவருக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். வேலாயுதத்தின் கண் சாலையில் இருந்தது. சிக்னல் போட்டு, இடப்பக்கம் திரும்பினார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லோரும் இறங்கினார்கள். கனகலிங்கம் கடைசியாக இறங்கி, குமுதாவிடம் தலையசைத்துவிட்டு, டிரைவர் ஜன்னலுக்குச் சுற்றி வந்தார்.

“தம்பி, நாளைக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்கு, கிருபாவும் மனிசியும் நானும் உங்கட வீட்டை வரலாமோ? பிள்ளையளின்ட விஷயம் கதைக்க.”

குமுதாவுக்குக் கால் தரையில் இல்லை.

“வாங்க அங்கிள்,” என்றார் வேலாயுதம். “குமுதா இருப்பா. எனக்கு நாளைக்கு ஷிப்ட்.”

கனகலிங்கம் ஜன்னல் விளிம்பில் கையை வைத்தார். “நீங்கள் இல்லாமல் வந்து நாங்கள் ஆரோட கதைக்கிறது? உங்கட தகப்பனின்ட பேரைச் சொல்லித்தான் நான் அங்க பேசப் போறன்.”

“ஷிப்ட் அங்கிள்.”

பெரியவர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு குமுதாவைப் பார்த்தார். “சரி. உங்களுக்கு எப்ப வசதியெண்டு நீங்களே சொல்லுங்கோ. அதுவரைக்கும் நாங்கள் வரேல்லை.” தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் குமுதாவின் போன் அதிர்ந்தது. யுகேந்திரன். ‘மா!! பெரியப்பா ஷாமினிக்குப் போன் பண்ணாராம்! நல்ல குடும்பம்னு சொல்லிட்டாராம்! அப்பாகிட்ட சொல்லுங்க!’

அப்பா வேனுக்குள் சீட் சீட்டாகக் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார். காலித் தண்ணீர் போத்தல், முறுக்குத் தாள், மார்க்கிரட் விட்டுப்போன பூ. அவர் பின்சீட்டுக்கு வரும்வரை குமுதா வாசலில் காத்து நின்றாள்.

வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கும் காலண்டரில் நாளைய தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டவள் அவள்தான்.

“என்னங்க,” என்றாள். “நாளைக்கு உங்களுக்கு ஆஃப் டே.”

வேலாயுதம் குனிந்தபடியே ஒரு தாளை எடுத்துப் பையில் போட்டார்.

“தெரியும், மேடம்.”